உள்ளங்கை ஈரம்

தங்கை மகளுக்கு வங்கி அதிகாரி வேலைக்கான நியமன ஆணை வந்திருந்தது. அவள் இப்போது ஒரு சிறப்புப் பள்ளியில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலை பார்க்கிறாள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. "எப்பக் கண்ணு போயிச் சேரோணும்?" என்று அவள் அப்பா கேட்டார். அவள் துப்பட்டா முனையால் உள்ளங்கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு, "நான் போகலீங்கப்பா. மனசுக்குச் சரின்னு படலீங்க" என்றாள்.

அதன்பின் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் வளர்ந்த எல்லா வீடுகளிலும் ஒரு நாள் நடப்பதுதான். என்னை விடாமல் தொந்தரவு செய்வது அந்த உள்ளங்கை. மார்கழி மாதம், விசிறிகூடச் சுற்றவில்லை. அந்த வியர்வை எங்கிருந்து வந்தது? காரணங்களையெல்லாம் அவள் பிற்பாடுதான் சொன்னாள். மொழி தெரியாத மாநிலத்தில் போடுவார்கள், குழந்தைகள் பழகிவிட்டார்கள், இப்படி. வாய் காரணம் தேடுவதற்கு முன்பே கை முடிவெடுத்துவிட்டது போலிருந்தது.

எப்போதோ படித்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. அந்தோணியோ டமாசியோ என்ற நரம்பியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் அயோவாவில் செய்தது. நான்கு சீட்டுக்கட்டுகளில் எதிலிருந்து வேண்டுமானாலும் சீட்டு எடுக்கலாம். இரண்டு கட்டுகள் முதலில் பெரிய லாபத்தைக் காட்டிக் கடைசியில் கவிழ்க்கும். எது கெட்ட கட்டு என்று ஆடுகிறவர்கள் வாய்விட்டுச் சொல்லும் முன்பே, அதை நோக்கிக் கை நீளும்போது தோலில் வியர்வை கூடியதை 1997இல் பதிவு செய்தார்கள். படித்தபோது உடலுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று நெகிழ்ந்தேன். இப்போது அதே செய்தி எனக்கு ஆறுதல் தரவில்லை. பயத்திலும் இதே கைதானே வியர்க்கிறது? தேர்வறை வாசலிலும் வியர்க்கும், திருட்டுத்தனம் செய்யும்போதும் வியர்க்கும். இது அறிந்த ஈரம், இது அஞ்சிய ஈரம் என்று தோல் பிரித்துச் சொல்வதில்லை.

உள்ளங்கையை நினைத்தால் எனக்கு இன்னொருவர் ஞாபகமும் வரும். சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்ட நீரோட்டம் பார்க்க ஒரு பெரியவர் வந்தார். விரித்த உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடப்பார். ஓரிடத்தில் தேங்காய் மெல்ல எழுந்து நிற்கும். "இங்க தோண்டுங்க சாமி" என்பார். ஊரே அந்தத் தேங்காயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு அவர் கண்கள்தான் நினைவில் நிற்கின்றன. தேங்காயை எடுக்கும் முன்பே அவர் தோட்டத்தைச் சும்மா ஒரு சுற்று சுற்றி வருவார். புற்று எங்கே, எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வெயிலில் எங்கே புல் காயவில்லை, எல்லாம் பார்ப்பார். புற்றையும் மரங்களையும் வைத்து நிலத்தடி நீரைக் கணிப்பதற்கென்றே வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை என்ற பழைய நூலில் ஓர் அத்தியாயம் இருப்பதைப் பல வருடங்கள் கழித்து அறிந்தேன். பெரியவர் அதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். கண் கண்டதைக் கை சொல்லியிருக்கிறது. அவரோ கடைசிவரை அது தேங்காயின் சக்தி என்றே நம்பினார்.

உளவியலாளர் கேரி கிளைன் எழுதிய ஒரு தீயணைப்பு அதிகாரியும் அப்படித்தான். சமையலறைத் தீ என்று எண்ணி வீட்டுக்குள் போனவர், தண்ணீர் அடித்தும் அடங்காததைக் கண்டு, காரணம் புரியாமலே எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். வந்ததும் தரை இடிந்து விழுந்தது. தீ அடித்தளத்தில் எரிந்துகொண்டிருந்தது. தனக்கு ஏதோ புலன் கடந்த உணர்வு இருப்பதாகவே அவர் நினைத்தார். ஆனால் வெப்பம் அளவுக்கு மீறி இருந்தது, சத்தம் அதற்கேற்ப இல்லை. பல தீயைப் பார்த்த உடம்பு அந்தப் பொருத்தமின்மையை உணர்ந்துகொண்டது. உள்ளுணர்வை நம்பிய கிளைனும் அதைச் சந்தேகித்த இன்னொரு உளவியலாளர் டேனியல் கானமனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளில் ஒத்துப்போனார்கள். களத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்று மனிதனுக்குத் திரும்பத் திரும்பத் தெரியவந்து, அவன் கற்றிருக்க வேண்டும். கிணறு தோண்டினால் சில நாளில் தெரிந்துவிடும். வேலையையும் கல்யாணத்தையும் எத்தனை முறை தோண்டிப் பார்ப்பது?

அப்படியானால் அவள் அப்பாவின் பேச்சைத்தான் கேட்டிருக்க வேண்டுமோ? அவருடையதும் வெறும் பிடிவாதமில்லை. 1969இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையானபின் கிளைகள் கிராமம் கிராமமாகப் பரவின. ஒரு பிள்ளை வங்கியில் சேர்ந்தால் குடும்பமே நிமிர்வதை அவர் தெருவிலேயே கண்டு வளர்ந்தவர். அதுவும் பார்த்துப் பழகிய கண்தான். ஆனால் எங்கள் ஊரில் இப்போது ஆயிரம் அடிக்குப் போர் போடுகிறார்கள். அவ்வளவு கீழே பாறை இடுக்கில் கிடக்கும் தண்ணீரை மேலே இருக்கும் புற்று எப்படிச் சொல்லும்? ஒரு காலத்து மண்ணில் விளைந்த உணர்வு அடுத்த காலத்துக்கும் செல்லுமா என்று அந்த உணர்வே நமக்குச் சொல்வதில்லை.

அவள் பள்ளிக்கு ஒரு நாள் போயிருந்தேன். ஒரு பையன் சட்டை நுனியை முறுக்கத் தொடங்கியதும் அவள் எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டு வந்தாள். வரவிருந்த அழுகை வரவில்லை. எப்படித் தெரிந்தது என்றேன். "தெரியுங்க பெரியம்மா" என்றாள். அந்தத் தெரிதலை நான் முழுதாக நம்புகிறேன். தினமும் சோதிக்கப்பட்டது அது. ஆகவே, இந்தக் குழந்தைகளை விட்டுப் போகக்கூடாது என்று அவள் கை சொல்லியிருந்தால், அது அறிவாகவே இருக்கலாம். வங்கி எனக்கு ஆகாது என்று சொல்லியிருந்தால் அதற்கு என்ன ஆதாரம்? ஒரு நாளும் அங்கே வேலை பார்த்ததில்லையே. கையில் இருப்பதைப் பற்றி உள்ளுணர்வு நிறைய அறியும், கைவிடுவதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முடிவெடுக்கும் நேரத்தில் இரண்டும் ஒரே 'வேண்டாம்' ஆகத்தான் வெளியே வருகின்றன. இழந்துவிடுவோமோ என்ற பயமே சில சமயம் அறிவின் வேறு பெயராகவும் இருக்கிறது.

அன்று அந்த வீட்டில் அவள் பக்கம் பேசியது நான் ஒருத்திதான். யோசித்து எடுத்த நிலையா, அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குள் எழுந்த ஏதோ ஒன்றா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவதுதான் என்றால், என் உணர்வு எந்த மண்ணில் கற்றது, அவள் வாழப்போகும் காலத்துக்கு அது ஆகுமா என்பது எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் இன்னமும் அவள் பக்கம் நிற்கிறேன்.