அசையாப் படங்களும் ஓடும் காலமும்: தொடக்ககாலத் திரைப்படம் எழுப்பும் மெய்யியல் வினா

திரைப்படத்தின் தொடக்ககாலம், அதாவது 1895 முதல் ஏறத்தாழ 1907 வரையிலான காலப்பகுதி, பின்னாளில் வந்த கதைப்படங்களுக்கான பயிற்சிப் பருவமாகவே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1978இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் திரைப்பட ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு நடத்திய மாநாட்டில், 1900க்கும் 1906க்கும் இடைப்பட்ட நூற்றுக்கணக்கான படங்களை ஆய்வாளர்கள் வரிசையாகப் பார்த்த பிறகே இக்கருத்து மாறத் தொடங்கியது. அவர்களுள் ஒருவரான டாம் கன்னிங், தொடக்ககாலப் படங்கள் கதை சொல்லத் தெரியாமல் தடுமாறியவை அல்ல என்றும், காட்சியைக் காட்டி வியக்கவைப்பதையே நோக்கமாகக் கொண்ட தனிக்கலை என்றும் வாதிட்டார். அந்த வியப்பு எதைப் பற்றியது என்று மேலும் ஆராய்ந்தால், இயக்கம் என்பது உலகில் உள்ளதா, காண்பவரின் அறிவில் உள்ளதா என்ற பழைய மெய்யியல் வினா அதனுள் அடங்கியிருப்பது புலப்படும்.

இவ்வினாவை விளங்கிக்கொள்ளத் திரைப்படக் கருவியின் செயல்முறையை முதலில் அறிய வேண்டும். லூமியர் சகோதரர்களின் சினிமாட்டோகிராப் என்னும் கருவியே படம்பிடிக்கவும், படியெடுக்கவும், திரையிடவும் பயன்பட்டது. அதில் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளின் ஓரத்துத் துளைகளில் கொக்கி போன்ற ஓர் உறுப்பு நுழைந்து, சுருளை ஒரு படத்தின் அளவு கீழே இழுத்து நிறுத்தும். அவ்வாறு இழுக்கும்போது சுழலும் தகடு ஒன்று ஒளியை மறைத்துவிடும். சுருள் அசையாமல் நிற்கும்போது மட்டுமே ஒளி அதன் வழியே சென்று திரையில் விழும். கைப்பிடியை நொடிக்கு இருமுறை சுற்றினால் 16 படங்கள் இவ்வாறு நின்று நின்று கடக்கும். ஏறத்தாழ 17 மீட்டர் நீளச் சுருள் ஏறத்தாழ 50 நொடியில் முடிந்துவிடும். ஆகவே ஒரு லூமியர் படத்தைக் காண்பவர் முன் வைக்கப்படுவன ஏறத்தாழ 800 அசையாப் படங்களும், அவற்றுக்கு இடைப்பட்ட அதே அளவான இருட்டுக் கணங்களுமே ஆகும். திரையின் மீது எந்தக் கணத்திலும் எதுவும் நகர்வதில்லை. ஆயினும் நகர்வதை எல்லோரும் காண்கிறார்கள்.

1895 டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸின் கிராண்ட் கஃபே என்னும் உணவகத்தின் கீழ்த்தளத்தில் கட்டணம் பெற்று நடந்த முதல் லூமியர் காட்சியில் இம்முரண் வெளிப்படையாகவே முன்வைக்கப்பட்டது. அங்கிருந்த, பின்னர் தாமே திரைப்படங்கள் எடுத்த ஜார்ஜ் மெலியே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, முதலில் ஒரு தெருவின் நிழற்படம் அசையாமல் திரையில் நின்றது. பழைய ஒளிவிளக்குக் காட்சிதானோ என்று அவர் சலித்துக்கொண்ட வேளையில், வண்டி இழுத்த குதிரை ஒன்று அதனுள்ளிருந்து அவரை நோக்கி நடக்கத் தொடங்கியது. ரயில் திரையில் வருவதைக் கண்டு மக்கள் அஞ்சி ஓடினர் என்ற புகழ்பெற்ற கதைக்குப் போதிய சான்று இல்லை. அந்த ரயில் படம் அன்றைய நிகழ்ச்சியில் இடம்பெறவும் இல்லை. முதல் பார்வையாளர்களை ஏமாளிகளாகச் சித்திரிக்கும் அக்கதையைவிட, அசையாதது அசைவதாக மாறும் கணத்தைக் கண்டு வியந்த மெலியேயின் நினைவு உண்மைக்கு நெருக்கமானது. குழந்தைக்கு உணவூட்டும் லூமியர் குடும்பத்தின் படத்தைப் பார்த்தவர்களும், முன்னிருந்த மனிதர்களைவிடப் பின்னால் காற்றில் ஆடிய இலைகளையே பெரிதும் வியந்தனர் என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன.

பிரெஞ்சு மெய்யியலாளர் ஆன்றி பெர்க்சன், 1907இல் வெளியிட்ட ‘படைப்பூக்கப் பரிணாமம்’ என்னும் நூலின் இறுதி இயலில் இக்கருவியை மனித அறிவின் குறைபாட்டுக்கே சான்றாக எடுத்துக்கொண்டார். அணிவகுத்துச் செல்லும் படையைத் திரைப்படக் கருவி அசையாத் துண்டுகளாக வெட்டி, பிறகு எல்லா அசைவுகளுக்கும் பொதுவான ஒரு செயற்கை ஓட்டத்தைப் பின்னிருந்து கொடுத்து இணைக்கிறது. மனித அறிவும் மாறிக்கொண்டிருக்கும் உலகை நிலைகளாக வெட்டி, அவற்றைக் கோத்து, அதையே மாற்றம் என்று நம்புகிறது என்பது அவர் கருத்து. பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓரிடத்தில் நிற்பதால் அது பறக்கவே இல்லை என்று வாதிட்ட பண்டைய கிரேக்கச் சிந்தனையாளர் ஜீனோ செய்த பிழையும் இதுவே என்றார் அவர். நிலைகளை எத்தனை அடுக்கினாலும் இயக்கம் பிறக்காது. உண்மையான காலம் பகுக்க முடியாத ஒரே நீட்சி என்பது பெர்க்சனின் முடிவு.

இதற்கு நேர் எதிரான நிலைப்பாடு பெர்க்சனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்திய மெய்யியலில் வகுக்கப்பட்டிருந்தது. பௌத்தத்தின் கணபங்கவாதம், அதாவது உள்பொருள் ஒவ்வொன்றும் தோன்றிய கணத்திலேயே அழிந்து, தன்னை ஒத்த இன்னொன்றுக்கு இடம்கொடுக்கிறது என்னும் கொள்கை, இயக்கத்தையும் நிலைபேற்றையும் ஒருசேர மறுக்கிறது. இரவு முழுதும் எரியும் விளக்கின் சுடர் ஒன்றாகத் தோன்றினாலும் உண்மையில் கணந்தோறும் புதிதாய்ப் பிறக்கும் சுடர்களின் தொடரே என்பது பௌத்தர் காட்டும் உவமை. இக்கொள்கையின்படி திரைப்படம் உலகைத் திரித்துக் காட்டவில்லை. உலகம் இயங்கும் முறையையே அது காட்டுகிறது. தமிழில் அருள்நந்தி சிவாச்சாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம், பௌத்தரின் இக்கொள்கையை எடுத்துரைத்து மறுக்கிறது. கணந்தோறும் எல்லாம் அழியுமானால் முன்பு கண்டதைப் பின்பு நினைப்பவர் யார், செய்த வினையின் பயனை நுகர்பவர் யார் என்பதே ஆன்மாவை நிலைபேறுடையதாகக் கொள்ளும் மரபினர் பௌத்தரிடம் தொடர்ந்து எழுப்பிய வினா.

அவ்வினாவைத் திரைப்படத்தின் முன் வைத்தால் விவாதம் திரையிலிருந்து காண்பவரிடம் திரும்பிவிடுகிறது. சுருளில் உள்ள ஒரு படம் தனக்கு முன்னும் பின்னும் உள்ள படங்களை அறியாது; குதிரையின் கால் முன்வந்தது என்று அறிய, கால் பின்னிருந்த நிலையைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் வேண்டும். அவர் நிலையான ஆன்மா என்று சைவர் கூறுவர். முந்தைய கணத்தின் பதிவைப் பிந்தைய கணம் பெற்றுக்கொள்ளும் அறிவுத் தொடரே போதும் என்று பௌத்தர் கூறுவர். இருவரும் ஒப்புக்கொள்வது ஒன்று உண்டு: கோக்கும் செயல் சுருளில் நடைபெறவில்லை.

1896இல் லூமியர்கள் எடுத்த ‘சுவர் இடிப்பு’ என்னும் படம் இதை மேலும் தெளிவாக்குகிறது. தொழிலாளர்கள் ஒரு சுவரைத் தள்ளிச் சாய்க்க, அது புழுதி கிளம்ப விழுகிறது; பின்னர் அதே சுருளைத் தலைகீழ் வரிசையில் ஓட்டியபோது, புழுதி அடங்கி, சிதறிய சுவர் தானே எழுந்து நின்றது. படங்களில் ஒன்றுகூட மாறவில்லை. மாறியது வரிசை மட்டுமே. ஒரு கணம் தன்னளவில் இறந்தகாலத்தையோ எதிர்காலத்தையோ சுட்டுவதில்லை என்பதும், காரணத்திலிருந்து காரியம் பிறக்கும் முறையே காலத்துக்குத் திசை தருகிறது என்பதும் இங்கே கண்கூடாகின்றன. பௌத்தர் கணங்களோடு நில்லாமல் சார்பில் தோற்றத்தை, அதாவது ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும் என்னும் விதியை, வற்புறுத்தியதன் தேவையும் இதனால் விளங்கும். எழுந்து நிற்கும் சுவரைக் கண்டு பார்வையாளர் வியந்ததற்குக் காரணம், திரும்பாத காலம் ஒன்று அவர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்ததே. அவ்வகையில் பெர்க்சன் கூறிய நீட்சியும் மெய்யாகிறது, ஆனால் அது காண்பவரிடத்தில் மெய்யாகிறது. 1983இல் பிரெஞ்சு மெய்யியலாளர் ழீல் தெலூஸ், திரைப்படம் நிலைகளைத் தந்து பிறகு அசைவைச் சேர்ப்பதில்லை, அசையும் படிமத்தையே நேராகத் தருகிறது என்று பெர்க்சனை மறுத்து எழுதியதும் காண்பவரின் அனுபவத்தை முதன்மையாகக் கொண்டே ஆகும்.

பிற்காலக் கதைப்படம் இவ்வினாவைத் தீர்க்கவில்லை, மறைத்தது. அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கும் மனம், எப்படி நடக்கிறது என்று கேட்பதை விட்டுவிடுகிறது. கதை இல்லாத தொடக்ககாலப் படங்களோ பார்வையாளரை இக்கேள்வியோடு தனியே விடுகின்றன. அவை நிலையாமைக்கும் சான்றாக நிற்கின்றன. முதல் காட்சி நடந்த இரண்டே நாளில் ஒரு பாரிஸ் நாளிதழ், அன்புக்குரியவர்களின் அசைவையே இனிப் பதிந்துவைக்கலாம் என்பதால் மரணம் முற்றான முடிவாக இராது என்று எழுதியது. ஆனால் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள் பொடிந்தும் எரிந்தும் போயின, 1923இல் மெலியேயே தம் படங்களின் மூலச்சுருள்களை எரித்தார், தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று எங்கும் இல்லை.

ஆதலால் தொடக்ககாலத் திரைப்படத்தைப் போற்றக் கற்பது பழமையைக் கண்டு இரங்குவதோ, இன்றைய திறத்தைக் கொண்டு அன்றைய எளிமையை மன்னிப்பதோ ஆகாது. எஞ்சியிருக்கும் படங்களை அவற்றுக்குரிய வேகத்தில், இடையீடின்றி, ஒன்றையே பலமுறை பார்க்க வேண்டும். கதையைத் தேடாமல் இலையின் அசைவையும் புழுதியின் எழுச்சியையும் பார்க்க வேண்டும். பார்க்கும்போது அசையாப் படங்களை அசைவாகக் கோத்துக்கொண்டிருப்பது எது என்று தன்னையே வினவ வேண்டும். காண்பவரைத் தம் காட்சியை ஆராய அழைக்கும் இப்படங்கள், மெய்யியல் கற்போர் மூலநூல்களுக்கு இணையாக வைத்துப் பயிலத் தக்கவை.