பழைய பாக்கியும் பிரிக்காத கடிதமும்



நான் ஆலிம் அல்லன். பெரிய படிப்புப் படித்தவனும் அல்லன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் மூலதனம். அதற்கு மேல் கற்றதெல்லாம் மளிகைக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று கற்றதுதான். ஆகவே இதில் குற்றங்குறை இருப்பின் பொறுத்தருள வேண்டும். ஆனால் நான் எழுத வந்த விஷயம் நம்மில் பலருடைய வீட்டிலும் இருக்கிறது. ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. பழைய வீட்டு வரிப் பாக்கியைத்தான் சொல்லுகிறேன். மலாயில் சுக்காய் பிந்து என்பார்களே, அது.

ஒரு மனிதரிடம் பட்ட கடனும் நகரசபைக்குப் பட்ட கடனும் ஒன்றுதானா என்பது என் கேள்வி. ஒன்றுதான் என்றால், மனிதரிடம் பட்ட கடனுக்கு வெட்கப்படுகிற நாம், நகரசபைக் கடனுக்கு வெட்கப்படாமல் பயம் மட்டும் படுகிறோமே, ஏன்?

எங்கள் வாப்பா ஒரு சின்ன வீடு வாங்கிப் போட்டிருந்தார்கள். வரியை ஒரு தவணைகூடத் தவறவிட்டதில்லை. ரசீதுகளைக் கம்பியில் குத்திச் சுவரில் மாட்டியிருப்பார்கள். உம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். 2011ஆம் ஆண்டு வாப்பாவும் மவுத்தானார்கள். பிள்ளைகள் நாங்கள் நால்வர். ஆண் இருவர், பெண் இருவர். வீட்டில் நெடுங்காலமாக ஒரு தையற்காரர் குடியிருந்தார். மாத வாடகை 350 வெள்ளி. காக்கா அதை வசூலித்து, மார்க்கப்படி எங்கள் நால்வருக்கும் பங்கு வைத்துக் கொடுத்து வந்தார். பங்கில் ஒரு காசு தவறியதில்லை.

தவறியது வரி. காக்கா கட்டுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். கடிதங்கள் என் கடை விலாசத்துக்கு வருவதால் நான் கட்டுகிறேன் என்று காக்கா நினைத்திருந்தார். முதல் கடிதத்தைப் பிரித்தபோதே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காக்காவிடம் கேட்டால் மனஸ்தாபம் வருமே என்று அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். இரண்டாவதைப் பிரித்தேன். மூன்றாவதிலிருந்து பிரிக்கவே இல்லை. கடிதத்தின் மேலுள்ள முத்திரையைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்னும். உடனே டின்னைத் திறந்து உள்ளே போட்டு மூடிவிடுவேன். இப்படி எட்டு வருஷம் ஓடியது.

அந்த எட்டு வருஷமும் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்கவேண்டாம். கவலைப்பட்டேன். தபால்காரர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கவலை. தொழுகையில் நிற்கும்போது கவலை. பத்தாயிரம் ஆகியிருக்குமோ, பதினையாயிரம் ஆகியிருக்குமோ, வீட்டை ஏலத்தில் விட்டுவிடுவார்களோ என்று இரவில் விழித்துக் கிடப்பேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அதைப் பிறகுதான் அறிந்துகொண்டேன். கவலைப்படுவதையே ஒரு தவணை கட்டியதுபோல என் மனம் வரவு வைத்துக்கொண்டிருந்தது. ‘இவ்வளவு வேதனைப்படுகிறேனே, நான் கெட்டவனா என்ன’ என்று எனக்கு நானே ரசீது எழுதிக்கொண்டேன். எட்டு வருஷக் கவலையில் பாக்கி ஒரு காசுகூடக் குறையவில்லை.

2019ஆம் ஆண்டு இறுதியில் ஒரு நாள் அஸருக்குப் பின் தையற்கார நானா கடைக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

“தம்பி, இந்தக் கடுதாசியிலே என்ன எழுதியிருக்கு? வரிப் பாக்கிக்கு வீட்டிலே உள்ள சாமானை எடுப்பாங்கன்னு பக்கத்து வீட்டுப் பையன் படிச்சுச் சொல்றான். என் மிஷினையும் எடுத்துருவாங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை நானா. நான் எல்லாம் பார்த்துட்டேன். நீங்க போங்க” என்றேன். சொல்லும்போது தராசைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அன்று இஷாவுக்குப் பின் கடையைச் சாத்திவிட்டு அந்த டின்னை எடுத்தேன். 23 கடிதங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேதி வாரியாக அடுக்கி, கணக்கு நோட்டில் எழுதினேன். அரை வருஷத்துக்கு 192 வெள்ளி. எட்டு வருஷத்துக்கு 16 தவணை, 3,072 வெள்ளி. அபராதமும் நோட்டீஸ் செலவும் 348. ஆக மொத்தம் 3,420 வெள்ளி. நான் பயந்திருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதற்காகச் சந்தோஷப்பட முடியவில்லை. பக்கத்திலேயே மற்றொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அதே எட்டு வருஷத்தில் நாங்கள் வாங்கித் தின்ற வாடகை 33,600 வெள்ளி. அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத வரியைக் கட்டாமல், குடியிருந்தவரின் பிழைப்புக் கருவிக்கு ஆபத்தைக் கொண்டுவந்திருந்தோம்.

இங்கே சட்டத்தைச் சற்று விளக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் இவ்வரியை 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி வசூலிக்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில், ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதில் இத்தனை விழுக்காடு என்று வரி போடுவார்கள். அந்த விழுக்காடு 35க்கு மேல் போகக்கூடாது. வருஷத்துக்கு இரண்டு தவணை. முதல் தவணைக்குப் பிப்ரவரிக் கடைசி, இரண்டாவதற்கு ஆகஸ்ட் கடைசி. அதற்குள் கட்டாவிட்டால் அபராதம், பிறகு நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் ஜப்தி வாரண்டு. ஜப்திக்கு வருபவர்கள், அந்த வீட்டில் இருக்கும் அசையும் பொருள் யாருடையது என்று பார்க்க வேண்டியதில்லை. நானாவின் பயம் வீண் பயம் அன்று. அவருக்குச் சட்டம் தெரியாது. ஆனால் உள்ளதை உள்ளபடி கேட்டார். எனக்கு அந்தத் தாளை வாசிக்கத் தெரியும். நான் பொய் சொன்னேன்.

நில வரி இதனின் வேறு. அது மாநில அரசின் நில அலுவலகத்துக்குப் போவது. அதைக் கட்டாமல் விட்டால் கோரிக்கை நோட்டீஸ் வரும். அதற்கும் மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலமே அரசாங்கத்துக்குப் போய்விடக்கூடும். இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. ஆகவே இரண்டு ரசீதும் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். கடையில் இதைப் பேசும்போது சிலர் மூன்று நியாயம் சொல்லுகிறார்கள்.

முதலாவது: “நகரசபைக்கு என்ன, பெரிய இடம். நம் பணம் வந்துதான் நிறையப் போகிறதா?” மனிதரிடம் பட்ட கடனுக்கு ஒரு முகம் இருக்கிறது. நகரசபைக்கு முகம் இல்லை. முகம் இல்லாத கடன்காரனை ஏமாற்றினால் யாரும் அழமாட்டார்கள் என்று நினைக்கிறோம். ஆனால் விடியற்காலையில் என் கடை வாசலில் குப்பை அள்ளுகிறவருக்கு முகம் இல்லையா? மழைக்காலத்தில் சாக்கடை அடைப்பை எடுக்கிறவருக்கு முகம் இல்லையா? நான் கட்டாத எட்டு வருஷமும் அந்தத் தெருவில் விளக்கு எரிந்தது. யார் பணத்தில் எரிந்தது? தவறாமல் கட்டிய அண்டை வீட்டார் பணத்தில். ஆக, நான் கடன்பட்டது அலுவலகத்துக்கு மட்டும் அல்ல. தினமும் ஸலாம் சொல்லி வந்த அண்டை வீட்டாருக்கும்தான். அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது: “அவர்களை நாமா தேர்ந்தெடுத்தோம்? ஓட்டு இல்லாத இடத்தில் வரி என்ன வரி?” இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் வரி மதிப்பீட்டாளர் குழு ஏற்பட்டது 1800ஆம் ஆண்டில். நகரசபை ஏற்பட்டது 1857இல். 1951இல் அங்கே மக்கள் ஓட்டுப் போட்டார்கள். 1957இல் அது மாநகரமாயிற்று. 1965இல் நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் உறுப்பினர்களை மாநில அரசே நியமித்து வருகிறது. ஓட்டு வேண்டும் என்பவர்கள் கேட்கட்டும், எழுதட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லவேண்டும். டின்னில் கடிதத்தைப் போட்டபோது 1965ஆம் ஆண்டை நினைத்தா போட்டேன்? இல்லை. பயந்து போட்டேன். பயத்துக்குப் பிறகு கொள்கைச் சட்டை போட்டுவிடுவது நேர்மையன்று. கொள்கைக்காகக் கட்ட மறுப்பவன் அதை வெளியில் வந்து சொல்லுவான், ஒளித்துவைக்க மாட்டான்.

மூன்றாவது: “இது வாப்பா காலத்து வீடு. எனக்கு மட்டும் என்ன பொறுப்பு?” இதற்கு என்னைப்போன்ற மதரஸாப் பிள்ளைக்கே பதில் தெரியும். சொத்தைப் பங்கு வைக்கும் முன் கடனைத் தீர்க்கவேண்டும் என்பது திருக்குர்ஆனின் கட்டளை. கடனோடு இறந்த ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தாமே ஜனாஸாத் தொழுகை நடத்தாமல் நின்றதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்பே நடத்தியதும் நாம் அறிந்த செய்தி. அந்தக் கடன் சில தீனார்கள்தாம். எங்கள் விஷயத்திலோ வாப்பா எந்தப் பாக்கியும் வைக்கவில்லை. அவர்கள் பெயரில் பாக்கியை ஏற்றியது நாங்கள். வாரண்டில் வாப்பாவின் பெயரைப் பார்த்தபோதுதான் எனக்குக் கண்ணீர் வந்தது.

அந்த இரவில் எனக்கு வேறொன்றும் விளங்கியது. என் கடையிலும் கடன் நோட்டு இருக்கிறது. பாக்கி வைத்தவர்களை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். அஞ்சடியில் நேராக வந்துகொண்டிருப்பவர், என் கடை நெருங்கியதும் சாலைக்கு இறங்கி எதிர்ப்பக்கம் போய்விடுவார். எனக்கு வலிப்பது பணத்துக்காக அல்ல. நேற்றுவரை என்னோடு சிரித்துப் பேசியவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரே, அதற்காக. “பாய், இந்த மாதம் முடியவில்லை, பத்து வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள்” என்று வந்து நிற்பவரிடம் எனக்குக் கோபமே வந்ததில்லை. கடன்பட்டவனுக்கு இரண்டு பொறுப்பு உண்டு: பணம் கொடுப்பது ஒன்று, முன்னால் வந்து நிற்பது ஒன்று. பணம் இல்லாமல் போகலாம். அது அல்லாஹ்வின் நாட்டம். முன்னால் வந்து நிற்பதற்குப் பணம் வேண்டியதில்லை. என்னிடம் பாக்கி வைத்தவர்களிடம் நான் எதிர்பார்த்த அந்த ஒன்றை நான் எட்டு வருஷம் செய்யவில்லை.

மறுநாள் ஸுப்ஹுக்குப் பின் காக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காக்கா ஏசினார். ஏசி முடித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். முகப்பில் இருந்த இளம்பெண் கணக்கைப் பார்த்துவிட்டு, “ரொக்கமா, தவணையா?” என்று மட்டும் கேட்டார். எட்டு வருஷம் நான் பயந்த இடத்தில் பேச்சு பத்து நிமிஷத்தில் முடிந்தது. பங்கு வாங்கிய விகிதப்படியே பாக்கியையும் பிரித்தோம். ஆண்கள் தலைக்கு 1,140 வெள்ளி, பெண்கள் தலைக்கு 570. என் பங்கை அன்றே கட்டினேன். மற்றதற்கு ஆறு மாதத் தவணை எழுதிக் கொடுத்தோம். வாரண்டு நிறுத்திவைக்கப்பட்டது.

அங்கிருந்து நேரே நானாவிடம் போனேன். “நேற்று உங்ககிட்டே பொய் சொல்லிட்டேன், மன்னிக்கணும்” என்றேன். “தெரியும் தம்பி. நீ என் முகத்தைப் பார்த்துச் சொல்லல்லையே” என்றார். பிறகு மிஷினில் உட்கார்ந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

உண்மையிலேயே கட்ட முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கணவரை இழந்து பழைய வீட்டில் தனியே இருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் “கட்டு, கட்டு” என்று சொல்லிவிட்டுப் போவது தர்மம் அல்ல. கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஸகாத்துக்குரிய எட்டு வகையினரில் கடனாளிகளும் ஒரு வகையினர். அவர்களுக்காக மனு எழுத நம்மில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். நகரசபை முகப்புவரை துணைக்குப் போகலாம். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

மற்றவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை. பிரிக்காத கடிதம் இருந்தால் இன்றிரவே பிரித்துத் தேதி வாரியாக அடுக்குங்கள். தொகையைக் கையால் எழுதிக் கூட்டுங்கள். எழுதாத தொகை இரவில் வளரும். கணக்கில் தவறு இருப்பதாகத் தோன்றினால் எழுத்து மூலம் கேளுங்கள். முழுத் தொகை இல்லையென்றால் இருப்பதை எடுத்துக்கொண்டு போய்த் தவணை கேளுங்கள். எல்லாரும் ஒரே மாதிரி இணங்குவார்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் கேட்டவனுக்குத்தான் பதில் கிடைக்கும். வாப்பா பெயரில் உள்ள வீட்டைப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

என் கடைச் சுவரில் இப்போது வாப்பாவின் அந்தக் கம்பி தொங்குகிறது. வருஷத்துக்கு இரண்டு ரசீது அதில் ஏறுகிறது. பிஸ்கட் டின்னை என் சின்ன மகள் கேட்டாள். வண்ணப் பென்சில் போட்டுவைக்கக் கொடுத்துவிட்டேன்.

கடனின் பாரத்திலிருந்தும், அதைவிட மேலாக அதை ஒளிக்கும் குணத்திலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.