தோல்வியும் தெளிவும்

வெற்றியை விரும்பி ஆடுதல் குற்றமன்று. தோல்வி வந்துழி அதனை ஏலாமையே குற்றமாம். இக்காலத்து இணையவழி ஆடுவாருட் சிலர், தோல்வி அணுகக் கண்டவுடன் ஆட்டத்தை இடையே விடுத்து அகலுகின்றனர். சிலர் எதிராடுவோனை இழித்துரைக்கின்றனர். வேறு சிலர், அவன் கணினியின் கள்ளத் துணையால் வென்றான் எனச் சான்றின்றியே பழி தூற்றுகின்றனர். ஒருவர் முகம் ஒருவர் அறியா நிலையிற் செய்வன பழியாமோ எனின், ஆம். காண்பார் இன்மையாற் செயலின் இழிவு குறையாது என்க.

2016-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் சியோல் நகரத்தே, ‘கோ’ என்னும் கல்லாட்டத்தில் வல்ல லீ செடோல் என்பார், ‘ஆல்பாகோ’ என்னும் கணினி நிரலோடு ஐந்து ஆட்டங்கள் ஆடினார். முதன் மூன்றினும் தோற்ற அவர், அது தம் தோல்வியேயன்றி மக்கட்குலத்தின் தோல்வியன்று என்றார். மனந்தளராது ஆடி நான்காவதில் வென்றார். அவர் வைத்த 78-ஆம் கல்லே அவ்வெற்றிக்கு வழி திறந்தது. ஐந்தாவதில் மீண்டும் தோற்றார்.

2016-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2017-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும், அந்நிரலின் வளர்ந்த வடிவம் ‘மாஸ்டர்’ என்னும் பெயர் பூண்டு, இணையவழியே தலைசிறந்த ஆட்டக்காரரை 60 ஆட்டங்களில் வென்றது. அத்துறையினர் என் செய்தனர்? அதன் ஆட்டங்களை நுணுகி ஆராய்ந்தனர். தொடக்கத்திலேயே எதிராடுவோன் மூலையிற் புகுதல் பிழையென முன்னர்க் கற்பிக்கப்பட்டது. அதனையும் தயங்காது கைக்கொண்டனர்.

தன் பெருமையைக் காக்க எண்ணித் தோல்வியை மறுப்பவன், அதனாற் பெறும் கல்வியை இழக்கின்றான். தன் குறை இதுவெனத் தெளிபவனுக்கோ வென்றவனே ஆசிரியனாவான்.