மூன்றாவது பங்கு காற்று

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. பம்புகள் அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் மேலே வெட்ட முடியும். அந்தக் குழிக்குள் வேலைக்கு இறங்குபவர், 1966-ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளின்படி முதலில் பயிற்சி பெற்றாக வேண்டும். வெளியே எத்தனை வருடம் மண் வெட்டியிருந்தாலும் சரி.

குகை முக்குளிப்பு இன்னும் கறாரானது. தலைக்கு மேல் பாறை; மூச்சு முட்டினால் நேரே மேலே வர வழியில்லை. கடலில் பழம் தின்று கொட்டை போட்ட ஸ்கூபா வீரரும் குகை வாசலில் புது மாணவர்தான். பகல் வெளிச்சம் எட்டும் பகுதி, அடுத்து அறிமுகக் குகை, பிறகே முழுக் குகை என்று சான்றிதழ் படிப்படியாகத்தான் கிடைக்கும். விளக்கே இல்லாமல், வழிகாட்டக் கட்டிய கயிற்றைத் தடவியபடி வெளியேறவும் பழக வேண்டும்.

காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, மீதி எதிர்பாராததற்கு.

இவை யாரோ அறையில் உட்கார்ந்து எழுதிய விதிகள் அல்ல. அமெரிக்கரான ஷெக் எக்ஸ்லி, குகைகளில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட நூலில் வழிகாட்டும் கயிற்றையும் காற்றின் மூன்றில் ஒரு பங்குக் கணக்கையும் வலியுறுத்தினார். மாண்டவர்களில் முக்குளிப்புப் பயிற்றுநர்களும் உண்டு என்பதுதான் உறைக்க வேண்டிய செய்தி.

வெள்ளம் புகுந்த சுரங்கமும் முக்குளிப்பவருக்குக் குகைதான். 2018 டிசம்பரில் மேகாலயாவில் எலிவளை போலக் குறுகலாகத் தோண்டிய சுரங்கம் ஒன்றில் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் சிக்கினார்கள். தேடப் போன கடற்படை முக்குளிப்புக் குழு, தொலைவிலிருந்து இயக்கும் கருவியை நீருக்குள் அனுப்பித்தான் ஓர் உடலைக் கண்டுபிடித்தது.