சுவைத் தீர்ப்பும் அதன் நியாயமும்

சுவை அவரவர்க்கே உரியது, அதுபற்றி வாதிடுதல் வீண் என்னும் கருத்து உலகவழக்கிற் பரந்து காணப்படுகின்றது. ஆயினும் ஸ்கொட்லாந்தின் 'சிங்கிள் மோல்ற்' விஸ்கியைச் சுவைத்துத் தரம் கூறுவோர் உளர். அவர்தம் கூற்றை நம்பிப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவோரும் உளர். அவரவர்க்கே உரிய ஒன்றில் ஒருவர் பிறர்க்கு எங்ஙனம் நீதிபதியாகலாம்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே வடிசாலையில், முளைகட்டிய வாற்கோதுமையை மட்டுமே தானியமாகக் கொண்டு வடிக்கப்பட்டு, ஓக் மரப் பீப்பாய்களில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்த மதுவே இப்பெயருக்கு உரியதென 2009 ஆம் ஆண்டின் பிரித்தானிய ஒழுங்குவிதிகள் வரையறுக்கின்றன. சுவைஞர் முதலில் முகர்ந்தும், பின்னர் சில துளி நீர் சேர்த்து மீண்டும் முகர்ந்தும், அதன் பின்னரே நாவில் இட்டும் அதனை ஆராய்வர். ஐலாத் தீவின் விஸ்கிகள் பலவற்றிற் புகை மணக்கின்றது என அவர் கூறுவது கற்பனையன்று. சதுப்பு நிலத்துக் கரிமண்ணை எரித்த புகையில் தானியம் உலர்த்தப்படுவதால் பீனோல் சேர்மங்கள் அதிற் படிகின்றன. ஷெரி மது இருந்த பீப்பாயில் முதிர்ந்ததாயின் உலர்ந்த பழங்களின் மணம் தோன்றும். ஆகவே சுவைஞரது கூற்றின் ஒரு பகுதியேனும் கிண்ணத்தில் உள்ள பொருளைப் பற்றியதாகும்.

எடின்பரோவிற் பிறந்த மெய்யியலாளர் டேவிட் ஹியூம், சுவையின் அளவுகோல் பற்றி 1757 இல் வெளியிட்ட கட்டுரையில், 'டொன் குவிக்சோட்' நாவலில் வரும் கதையொன்றை எடுத்தாள்கின்றார். ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவருள் ஒருவர், மது நன்று, ஆயினும் தோலின் சுவை சிறிதுண்டு என்றார். மற்றவர் இரும்பின் சுவை உண்டு என்றார். கேட்டோர் நகைத்தனர். பீப்பாய் வெறுமையானபோது அதன் அடியில் தோல்வார் கட்டிய பழைய திறவுகோல் ஒன்று கிடந்தது. நுண்ணிய நாவிற்குப் புறநிலைச் சான்று உண்டென்பதை இக்கதை உணர்த்துகின்றது.

எனினும் அத்திறவுகோல் நிறுவுவது யாது? தோலும் இரும்பும் மதுவில் இருந்தன என்பதையேயன்றி, அம்மது விரும்பத்தக்கதா என்பதையன்று. ஒருவர் விரும்பும் புகைமணம் மற்றொருவர்க்கு மருந்து நெடியாகலாம். கான்ற் 1790 இல் வெளியிட்ட நூலில், மது இனிது என்பவர் 'எனக்கு இனிது' என்றே கூறல் வேண்டும் என விளக்கினார். கண்டறிதல் வேறு, விரும்புதல் வேறு. முன்னதில் மெய்யும் பிழையும் உண்டு. பின்னதில் ஒருவரை மற்றவர் திருத்த இயலாது.

இவ்விரண்டையும் மயக்குவன புகழும் விலையும் தோற்றமுமாம். 2001 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், செந்நிறம் ஊட்டப்பட்ட வெள்ளை வைனைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் மாணவர் வருணித்தனர். 2008 இல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்றில், ஒரே வைன் 10 டொலர் எனக் கூறப்பட்டபோதிலும் 90 டொலர் எனக் கூறப்பட்டபோது அதிகம் இனித்தது. இன்பத்தோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் இயக்கமும் கூடியது. அவர்கள் பொய்யுரைத்தாரல்லர், உண்மையாகவே இன்புற்றனர். மனிதன் தன்னை அறியாமலே பிறர் மதிப்பைத் தன் சுவையெனக் கொள்கின்றான் என்பதே இங்குக் கவலைக்குரியது. ஸ்கொச் விஸ்கிக்கும் கரமெல் நிறமூட்டுவதைச் சட்டம் அனுமதிக்கின்றது. இதனாலேயே நிறத்தை மறைக்கும் நீலக் கிண்ணத்தில் அதனைச் சோதிப்போரும் உளர்.

எனவே தீர்ப்புக் கூறுவோனுக்குக் கடமைகள் மூன்று உள. பெயரையும் விலையையும் மறைத்துச் சுவைத்தல். கண்டதையும் விரும்பியதையும் வேறுபிரித்துக் கூறல். பயிற்சியால் நாவைக் கூர்மையாக்கல். 'அவரவர் சுவை' என ஒதுங்குவோர் மூன்றாவது உழைப்பிலிருந்து தப்புகின்றனர். விலைக்குப் பணிவோர் முதலிரண்டையும் கைவிடுகின்றனர். நூலாசிரியரின் பெயரைப் பார்த்த பின்னரே நூலைப் புகழும் நாமும் இக்குற்றத்திற்குப் புறம்பானவர்களல்லர். விலையுயர்ந்த கிண்ணத்தை ஏந்தி நிற்கும் அவையில், 'புகை இருக்கின்றது, பழமணம் இருக்கின்றது, ஆயினும் எனக்கு இது இனிக்கவில்லை' எனக் கூறுபவனிடமே சுவையும் நேர்மையும் ஒருங்கே உள்ளன எனலாம்.