கருவாடும் கதாசிரியரும்

"மாமா, நான் இதைப் பார்க்கிறது தப்பா?"

கேட்டவன் அக்கா மகன். இடம், கமுதியில் அக்கா வீட்டுத் திண்ணை. 2023 ஆகஸ்ட் மாதம். இன்ஜினீயரிங் படிக்கிற பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டே இப்படிக் கேட்டால் எந்த மாமாவுக்கும் வயிற்றைக் கலக்கும். மெதுவாக எட்டிப் பார்த்தேன். கோட்டு சூட்டு போட்ட நாலைந்து பேர் ஒரு ஆபீஸில் நின்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். 'சூட்ஸ்' என்ற அமெரிக்க வக்கீல் சீரியல். அப்பாடா என்றிருந்தது.

"இதுல என்னடா தப்பு?"

"இதை எழுதினவங்க எல்லாம் அங்க ஸ்ட்ரைக்ல இருக்காங்களாம் மாமா. நான் இங்க சுகமா உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒரு மாதிரியா இருக்கு."

கிண்டலாக ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால், கேள்வி அப்படித் தள்ளிவிடக் கூடியதில்லை. அன்றைக்கு எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சண்டை என்னவென்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் சினிமா, டி.வி. எழுத்தாளர்களுக்குச் சங்கம் உண்டு. ஒரு எபிசோடை எழுதினால் சம்பளம். அதே எபிசோடை மறுபடி ஒளிபரப்பினால் அதற்கும் ஒரு சிறு தொகை. கேபிளில் போனால், வீடியோவாக விற்றால், அதற்கும் பங்கு. இன்டர்நெட் வந்ததும் இந்தக் கணக்கு குழம்பிப் போனது. 'இன்டர்நெட்டில் காட்டுவது வெறும் விளம்பரத்துக்குத்தான், அதற்கெல்லாம் பணம் கிடையாது' என்றன கம்பெனிகள். அந்த 'விளம்பரத்துக்கு' நடுவிலேயே சோப்பு விளம்பரமும் கார் விளம்பரமும் போட்டுக் காசு பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்! 2007 நவம்பர் 5-ம் தேதி எழுத்தாளர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். 100 நாள் நடந்தது. 2008 பிப்ரவரியில் முடிந்தபோது இன்டர்நெட்டிலும் ஒரு பங்கு கிடைத்தது.

15 வருஷம் கழித்து அதே சண்டை இன்னும் பெரிதாக வந்தது. 2023 மே 2-ம் தேதி தொடங்கி 148 நாள். அக்கா மகன் கேட்டது இந்த இரண்டாவது ஸ்ட்ரைக் நடுவில்.

'யாரோ எங்கேயோ ஸ்ட்ரைக் பண்றாங்க, கமுதியில இருக்கிற பையனுக்கு என்ன வந்தது?' என்று நீங்கள் கேட்கலாம். பஸ் ஸ்ட்ரைக் என்றால் நமக்குத் தெரியும். பால் ஸ்ட்ரைக் என்றால் காலை ஆறு மணிக்கே தெரிந்துவிடும். எழுத்தாளர் ஸ்ட்ரைக் மட்டும் பார்க்கிறவனுக்குச் சட்டென்று தெரியாது. பி.காம். படித்தவன் என்ற முறையில் இதற்கு எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தோன்றுகிறது. ஸ்டாக். கையிருப்பு.

வேலைநிறுத்தம் என்பது பொறுமையின் போட்டி. யார் அதிக நாள் தாங்குவார்கள் என்பதுதான் கணக்கு. கமுதிப் பக்கத்து மிளகாய் விவசாயியைக் கேளுங்கள், அழகாகச் சொல்வார். வத்தலைக் களத்தில் காயப்போட்டுவிட்டு, வாங்கின கடனுக்கு வட்டி கட்டவேண்டிய ஆள், வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதை வாங்கிக் கிடங்கில் அடுக்கி வைக்க முடிந்தவர் விலை ஏறும்வரை காத்திருக்கிறார். காத்திருக்க முடிந்தவர் சொல்வதுதான் விலை.

டி.வி. கம்பெனிகளின் கிடங்கில் இருப்பது பழைய எபிசோடுகள். அதை நிரப்பியது யார்? இன்றைக்கு வீதியில் அட்டை பிடித்து நிற்கிற அதே எழுத்தாளர்கள். அவர்கள் அன்று எழுதியது, இன்று அவர்களுடைய ஸ்ட்ரைக்கை எதிர்த்து நிற்கிறது.

இது ஹாலிவுட்டில் மட்டும் நடக்கிற அதிசயம் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் சீரியல் ஷூட்டிங் எல்லாம் நின்றது நினைவிருக்கும். டி.வி. நின்றதா? இல்லை. தூர்தர்ஷன் பழைய ராமாயணத்தைத் தூசி தட்டியது. சன் டி.வி.யில் 'மெட்டி ஒலி' மறுபடி வந்தது. நாம் கண்ணில் நீர் மல்கப் பார்த்தோம். அந்த நேரத்தில் சினிமா, சீரியல் தினக்கூலித் தொழிலாளர்களுக்கு அரிசியும் பண உதவியும் கேட்டு பெப்ஸி அமைப்பு வேண்டுகோள் விட்டுக்கொண்டிருந்தது. அது ஸ்ட்ரைக் இல்லை, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால், வேலை செய்கிறவன் பட்டினி கிடக்கிறபோதும் அவன் செய்த வேலை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை அன்று வீட்டு ஹாலில் உட்கார்ந்தே பார்த்தோம்.

சரி, பையன் கேள்விக்கு வருவோம். அன்றைக்கு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்த அக்கா, "என்னடா பெரிய விஷயம் பேசுறீக?" என்றாள். சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"ராமேஸ்வரத்துல போட்டுக்காரவுக ஸ்ட்ரைக்குன்னு கடலுக்குப் போகாம இருந்தா, நாம கருவாடு வாங்கித் திங்கிறோம்ல. அது தப்பா?"

ராமநாதபுரம் மாவட்டத்தில் இது வருஷத்துக்குப் பலமுறை நடக்கிற சங்கதி. இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துக்கொண்டு போகும். படகைப் பறிமுதல் செய்யும். விசைப்படகு மீனவர்கள் வேலைநிறுத்தம் அறிவிப்பார்கள். இது போக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. மீன் வரத்து குறைந்தால் கருவாடு. இதில் ஒருவருக்கும் பாவம் பட்டதாகத் தோன்றியதில்லை. ஏன்? மீனவர்கள் நம்மிடம், 'மீன் சாப்பிடாதீர்கள்' என்று கேட்கவில்லை. அவர்கள் கோரிக்கை அரசாங்கத்திடம்.

"அப்ப நான் பார்க்கலாம்" என்றான் பையன்.

"ஆனா ஒண்ணு" என்றாள் அக்கா. "எல்லாரும் போகாம இருக்கையில, ஒருத்தன் மட்டும் ராத்திரியோட ராத்திரியா போயி மீனைப் பிடிச்சிட்டு வந்து வித்தான்னா, அவன்கிட்ட வாங்கப்பிடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2008 ஜனவரி 2-ம் தேதி இரவு அமெரிக்காவில் இதே வித்தியாசம்தான் திரையில் ஓடியது. இரவு நேர அரட்டை நிகழ்ச்சிகள் தினசரி மீன் மாதிரி. அன்றன்றைக்கு எழுதவேண்டும், ஸ்டாக் கிடையாது. அதனால், ஸ்ட்ரைக் தொடங்கியதுமே அவை நின்றுபோயின. இரண்டு மாதம் கழித்து டேவிட் லெட்டர்மேன் சங்கத்தோடு தனி ஒப்பந்தம் போட்டு, தன் எழுத்தாளர்களோடு திரும்பி வந்தார். அதே இரவு, ஜே லெனோவும் கோனன் ஓ'பிரையனும் எழுத்தாளர்கள் இல்லாமலே திரும்பி வந்தார்கள். ஒன்றைப் பார்ப்பது, சங்கம் சம்மதித்த படகிலிருந்து மீன் வாங்குவது. மற்றது அப்படி இல்லை. பார்க்கிறவன் கையில் இருந்தது ஒரு ரிமோட்தான். ஆனால், அந்த ரிமோட்டுக்கு அன்று ஒரு கட்சி இருந்தது.

அக்காவின் உதாரணத்தில் எனக்கு ஒரு இடத்தில் மட்டும் உடன்பாடில்லை. கருவாட்டை ஒருமுறைதான் குழம்பு வைக்க முடியும். தின்றால் தீர்ந்தது. அதனால்தான் மீனை விற்றவர், கருவாட்டுக் குழம்பில் பங்கு கேட்பதில்லை. சீரியல் அப்படியா? பத்து லட்சம் பேர் பார்த்த பிறகும் ஒரு செதில்கூடக் குறையாமல் அப்படியே இருக்கிறது. மறுபடி விற்கலாம். அடுத்த வருஷமும் விற்கலாம். தீராத சரக்கைச் செய்தவனுக்கு ஒரே ஒரு தடவை கூலி கொடுத்துக் கணக்கை முடிப்பது எந்த ஊர் நியாயம்? இதுதான் எழுத்தாளர்கள் கேட்ட கேள்வி.

பையன் பார்த்துக்கொண்டிருந்த அந்த 'சூட்ஸ்' சீரியலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-லேயே முடிந்துபோன தொடர் அது. 2023-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்ததும் ஜனங்கள் விழுந்து விழுந்து பார்த்தார்கள். அமெரிக்காவில் ஒரே வாரத்தில் 300 கோடி நிமிடங்களுக்கு மேல். அதன் எழுத்தாளர்களில் ஒருவர் அப்போது பத்திரிகையில் கணக்கைப் போட்டுக் காட்டினார். முதல் சீசனின் 11 எபிசோடுகளுக்காக, ஆறு எழுத்தாளர்களுக்கும் சேர்த்து அந்தக் காலாண்டில் கிடைத்தது 3,000 டாலருக்கும் குறைவு!

இப்போது கவனியுங்கள். அந்த 300 கோடி நிமிடத்துக்கு இரண்டு முகம். ஸ்ட்ரைக் நடுவிலும் ஜனங்கள் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் கம்பெனிக்கு அவசரம் இல்லை. அந்த வருஷம் ஜூலை முதல் செப்டம்பர் வரை மட்டும் நெட்ஃப்ளிக்ஸில் உலகமெங்கும் சுமார் 87 லட்சம் சந்தாதாரர்கள் கூடினார்கள். இது ஒரு முகம். இன்னொரு முகம், 'பாருங்கள், இத்தனை பேர் பார்த்ததற்கு எங்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்' என்று எழுத்தாளர்கள் ஊருக்குக் காட்ட உதவியதும் அதே கணக்குதான்.

ஆகவே, 'நல்லவன் என்றால் டி.வி.யை அணைத்துவிடு' என்று என்னால் எளிதாகச் சொல்ல முடியவில்லை. எழுத்தாளர் சங்கமும் 2023-ல் ஜனங்களைப் பார்க்காதே, சந்தாவை ரத்து செய் என்று கேட்கவில்லை. அடுத்தவன் போராட்டத்தில் அவன் கேட்காத தியாகத்தை நாமாகச் செய்துவிட்டு, நெஞ்சு நிமிர்த்திக்கொள்வது ஒருவகை அகம்பாவம். அவன் கேட்டால் செய்யவேண்டும். கேட்டபிறகும் 'இன்னும் ரெண்டே எபிசோட்' என்று உட்கார்ந்தால், அது தப்பு. சந்தேகமே இல்லை.

அன்று பையனிடம் இன்னொரு கேள்வி கேட்டேன். "இதுக்கு எவ்வளவுடா பணம் கட்டுற?"

தலையைச் சொறிந்தான். "காசெல்லாம் இல்ல மாமா. ஃப்ரெண்ட் ஒரு லிங்க் அனுப்பினான்."

ஆஹா! அதாவது திருட்டுக் காப்பி. "கம்பெனிக்குக் காசு போகலைல மாமா. அப்ப நான் எழுத்தாளர் பக்கம்தானே?" என்று வக்கீல் சீரியல் பார்த்த தெம்பில் ஒரு வாதமும் வைத்தான்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதலாளி கெட்டவன், அதனால் அவன் கடையில் திருடினால் தொழிலாளிக்கு உதவி! எழுத்தாளர்கள் கேட்டது, பார்வையில் ஒரு பங்கு. திருட்டுத்தனமாகப் பார்ப்பது எந்தக் கணக்கிலும் வராத பார்வை. ஸ்ட்ரைக் முடிந்தபோது கிடைத்த உடன்பாட்டில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. கம்பெனிகள் தாங்களே தயாரிக்கும் பெரிய பட்ஜெட் தொடர்களை எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்று, வெளிநாட்டுக் கணக்கும் சேர்த்து, சங்கத்துக்குக் காட்டவேண்டும். அப்படிப்பட்ட தொடரை அமெரிக்க சந்தாதாரர்களில் 20 சதவீதம் பேர் முதல் 90 நாளில் பார்த்தால் எழுத்தாளருக்கு போனஸ். 148 நாள் வெயிலில் நின்று வாங்கியதில் பாதி, கணக்குப் பார்க்கிற உரிமைதான். பையன் செய்தது அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழிக்கிற வேலை. இதைச் சொன்னபோது முகம் சுருங்கினான்.

நம் ஊர்க் கதை என்ன? 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்தில் இடம்பெறும் எழுத்துக்கும் இசைக்கும், தியேட்டரில் படத்தோடு காட்டுவது தவிர மற்ற வழிகளில் வரும் பணத்தில் படைத்தவருக்குச் சம பங்கு உண்டு, அந்த உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது என்றது சட்டம். பாட்டுக்கும் இசைக்கும் ஓரளவு பலன் கிடைத்தது. கதைக்கும் வசனத்துக்கும் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. நம் சீரியல் எழுத்தாளர் பெரும்பாலும் எபிசோடுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போகிறவர்தான்.

2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் புதுப்படமே வெளியாகவில்லை. டிஜிட்டல் புரொஜக்‌ஷன் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் நடத்திய ஸ்ட்ரைக். முதலாளிகளே செய்தால், பேச்சுவார்த்தை மேஜைக்கு எல்லோரும் வருகிறார்கள். வசனம் எழுதுகிறவர் தனியாகப் பேனாவைக் கீழே வைத்தால் என்ன ஆகும்? அதை எடுத்து எழுத வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். ஸ்ட்ரைக் செய்ய முடிவதற்கே ஒரு பலம் வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வி ஸ்ட்ரைக் நாளோடு முடிகிற கேள்வி இல்லை என்று நினைக்கிறேன்.

பார்க்கிறவன் இந்தச் சண்டையில் கட்சிக்காரன் இல்லை. ஆனால், வெளியாளும் இல்லை. இரண்டு பக்கமும் அடித்துக்கொள்வதே அவனுடைய நேரத்தை வைத்துத்தான். அவன் செய்யக்கூடியது மூன்று. போராடுகிறவர் என்ன கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு, கேட்டதைச் செய்வது. ஸ்ட்ரைக்கை உடைத்துச் செய்த சரக்கைத் தொடாமல் இருப்பது. பார்ப்பதைக் கணக்கில் வருகிற மாதிரி பார்ப்பது. இதனால் எழுத்தாளர் வீட்டு அடுப்பு உடனே எரிந்துவிடாது. ஆனால், அவர் அடுப்பை அணைப்பதில் நம் கை இருக்காது.

அன்று மத்தியானம் அக்கா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். பையன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சூப்பர்ம்மா" என்றான்.

"எங்கிட்டச் சொல்லி என்ன? எந்தப் புண்ணியவான் எந்தக் காத்துல போயிப் பிடிச்சதோ" என்றாள் அக்கா, அடுத்த கரண்டியை ஊற்றிக்கொண்டே.