கடல் கொண்ட மாலுமிகள்
கல்வராயன் மலையில் பிறந்து, கள்ளக்குறிச்சிச் சீமையின் கழனிகளை நனைத்து, வெள்ளாற்றின் வழியே பரங்கிப்பேட்டையருகே சங்கமமாகும் கோமுகியின் நீரை ஏற்கின்ற அதே வங்கக் கடலில்தான், பசிபிக் யுத்தத்தின் தொடக்கத்தில் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கிய ஜப்பானியக் கப்பற்படையின் விமானங்கள், 1942 ஏப்ரல் 9 அன்று, மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அதில் 307 பேர் மாண்டனர். அன்றே ‘வாம்பயர்’ என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலும் மூழ்கியது. நிலத்தில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டி வழிபட்ட மரபினர் நாம். கல் நாட்டவும் இடமின்றிச் சமுத்திரத்தில் மறைந்தோர்க்கு மனிதரின் ஸ்மரணையே நடுகல். தேசமும் பாஷையும் வேறாயினும், கடமையில் உயிர் ஈந்தவர்களை நினைப்பது மானிட தர்மம். வரும் ஏப்ரல் 9 அன்று ஒரு கணமேனும் அவர்களை நினைப்போமாக.